ஒளிநாடாவும் ஓலைச்சுவடியும்

(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை முழங்குவதும் நம் மரபு. இவ்வாண்டு, பரண்மீதும் கட்டிற்பெட்டிக்குள்ளும் தூசி படிந்து கிடக்கும் பழைய வீடியோ நாடாக்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். ஒளிப்பதிவு நாடாக்களோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் இப்பணியை மகிழ்ந்து ஏற்றேன். இது வெறும் இயந்திரச் செய்தி என்று எவரேனும் எண்ணினால், சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன். தில்லி மாநகரில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற வினாவிற்கு விடை, பெரும்பாலும் அந்த நாடாக்களிலேயே இருக்கிறது. அவை அழிந்துகொண்டு வருகின்றன. அவற்றிலுள்ளவற்றைக் காக்க ஒரே வழி காலம் தாழ்த்தாமல் படியெடுத்தலாகும். இதனை விளக்குவதே என் உரையின் நோக்கம்.

நாடா வந்த வரலாறு

தில்லியில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தொடங்கிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது கறுப்பு வெள்ளையாகவே இருந்தது. 1982ஆம் ஆண்டில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இந்நகரில் நடைபெற்றபோது வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதனையொட்டி வி.சி.ஆர். என்னும் பொறியும் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. ஜப்பானில் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வெளியிட்ட வி.எச்.எஸ். என்னும் வகை நாடாவே சில ஆண்டுகளில் எங்கும் பரவி நின்றது. சோனி நிறுவனம் அதற்கு முன் 1975இல் வெளியிட்ட பீட்டாமாக்ஸ் நாடாவையும் சில வீடுகளில் காணலாம்.

அக்காலத்தை இங்குள்ள பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வி.சி.ஆரை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, கூடத்தில் ஜமக்காளம் விரித்து, அண்டை வீட்டாரையும் அழைத்து அமர்த்தி, விடியும்வரை தமிழ்ப் படம் பார்த்த நாட்கள் அவை. பின்னர்த் திருமணம், சீமந்தம், பூணூல், மஞ்சள் நீராட்டு, பொங்கல் விழா, நவராத்திரிக் கொலு என எந்நிகழ்ச்சி நடந்தாலும், கண் கூசும் விளக்கைத் தூக்கிப் பிடித்த ஒருவரும் தோளிற் பெரிய கேமராவைச் சுமந்த ஒருவரும் முன் வந்து நிற்கலாயினர். 1990க்குப் பின் கைக்கு அடங்கும் கேமராக்கள் வந்தன. எட்டு மில்லிமீட்டர் நாடாக்களும், 1995இல் தோன்றிய டி.வி. வகையின் சிறு நாடாக்களும் வீட்டுப் பெட்டியில் வந்து சேர்ந்தன. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக் காலம் நம் வாழ்வு நாடாவிற் பதிந்தது.

அவற்றுள் இருப்பது யாது?

ஊரில் வாழ்வோர்க்குப் பூர்விக வீடு உண்டு, குளக்கரை உண்டு, பாட்டனார் பெயரைச் சொன்னால் அடையாளம் காணும் தெரு உண்டு. நமக்கோ, ஒதுக்கீட்டு ஆணையின் பேரில் வந்து குடியேறிய குவார்ட்டர்ஸ்தான் வீடு. பணி ஓய்வு பெற்றதும் அதனைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு வேறிடம் போக வேண்டியவர்கள் நாம். அந்தக் குவார்ட்டர்ஸ்களும் இப்போது நிலைத்திருக்கவில்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு அரசாங்கக் குடியிருப்புகளைப் புதுக்கிக் கட்ட மத்திய அமைச்சரவை 2016ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. அதன்பின், நம்மவர் பலர் பிறந்து வளர்ந்த இரண்டு மாடி வீடுகளும், முற்றத்து வேப்ப மரங்களும், மாலையில் பெண்கள் கூடிப் பேசிய படிக்கட்டுகளும் வரிசை வரிசையாக மறைந்தன. அவ்வீட்டு வாயிலிற் கட்டிய வாழை மரமும் அங்கு இட்ட கோலமும் இன்று கண்ணாற் காணக்கூடிய ஒரே இடம் ஏதோ ஒரு குடும்பத்தின் திருமண நாடாவாகத்தான் இருக்கும்.

கட்டடத்தினும் அரிய பொருள் ஒன்று அந்நாடாக்களில் உண்டு. அது குரல். தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தவர்கள் தத்தம் ஊர்த் தமிழை இங்குக் கொண்டுவந்தார்கள். ஒரே மாடிப்படியில் நான்கு வகைத் தமிழ் ஒலித்தது. அதனிடையே காய்கறிக்காரனோடு பேசிய இந்தியும் கலந்து, தில்லிக்கே உரிய ஒரு தமிழ் பிறந்தது. அதனைப் பேசிய முதல் தலைமுறையினருட் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய நிழற்படம் சுவரிலே தொங்குகிறது. ஆனால் நிழற்படம் பேசாது. பேத்தியைப் பெயர் சொல்லி அழைக்கும் பாட்டியின் குரலை அப்பேத்தியின் குழந்தை கேட்க வேண்டுமானால் நாடா ஒன்றுதான் கதி. தமிழை இன்னும் தயங்கித் தயங்கிப் பேசுகின்ற நம் இளஞ்சிறார்க்கு, "உன் பூட்டி இப்படித்தான் பேசினாள்" என்று காட்டுவதைவிடச் சிறந்த தமிழ்ப் பாடம் வேறு யாது?

நாடாவின் உடலும் அதன் பிணியும்

இத்துணை அரிய பொருளைத் தாங்கி நிற்கும் நாடா எத்தகையது என்று பார்ப்போம். வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். மூன்று மணி நேரம் ஓடும் கேசட்டிற்குள் ஏறத்தாழ 258 மீட்டர், அதாவது கால் கிலோமீட்டருக்கு மேல் நாடா சுற்றப்பட்டிருக்கிறது. அடியில் பாலியெஸ்டர் என்னும் மெல்லிய படலம். அதன்மேல் பசை போன்ற ஒரு பூச்சு. அப்பூச்சினுள் இரும்பு ஆக்சைடு போன்ற காந்தத் துகள்கள். அத்துகள்கள் எத்திசை நோக்கிக் கிடக்கின்றன என்பதே படமும் ஒலியுமாகும்.

பொறிக்குள் நாடா விநாடிக்கு 23 மில்லிமீட்டர் அளவே மெல்ல நகரும். ஆயின் அதனைத் தழுவிச் சாய்வாக நிற்கும் உருளை நிமிடத்திற்கு 1500 முறை சுழலும். உருளையிற் பதித்த நுண்ணிய காந்தத் தலைகள் நாடாவின் குறுக்கே சாய்ந்த கோடுகளாகப் படத்தை எழுதியும் படித்தும் செல்லும். ஒவ்வொரு கோட்டின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. நாடா சிறிது சுருங்கினாலும், நீண்டாலும், மடிந்தாலும், தூசி ஒட்டினாலும், அத்தலை தன் கோட்டைத் தவறவிடும். திரையிற் பனித்தூறல் போன்ற புள்ளிகளும் கிடைக்கோடுகளும் தோன்றுவது அதனாலேயே.

நாடாவின் முதற்பகை ஈரம். காற்றிலுள்ள நீரைப் பசைப்பூச்சு பையப்பைய உறிஞ்சிச் சிதைகிறது. சில வகை நாடாக்கள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றை வலிந்து ஓட்டினால் பூச்சே உரிந்து பொறியின் தலையில் அப்பிக்கொள்ளும். பூச்சு உரிந்த இடத்தில் படமும் உரிந்துபோகும். அதனை மீட்க எவராலும் இயலாது. இரண்டாவது பகை பூஞ்சை. கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியே நோக்கினால் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பொடி போலத் தெரிவது அதுவே. மூன்றாவது பகை வெப்பம். தில்லியின் ஜூன் மாதத்து அனலில் பரண் எவ்வாறு கொதிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அனலைத் தணிக்க நாம் வைக்கும் கூலர் வீடெங்கும் ஈரக் காற்றை வீசும். பின்னே மழைக்காலம் வரும். வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் இந்நகர் நாடாவிற்கு நல்லிடம் அன்று. இருபது முப்பது ஆண்டு கடந்தும் நம் நாடாக்கள் பல இன்றும் ஓடுகின்றன என்றால் அதனை நற்பேறு என்றே கொள்ள வேண்டும்.

நாடாவிற்கு முன்னரே பொறி மறைகிறது

நாடா நலமாகவே இருந்தாலும் அதனைப் படிக்கப் பொறி வேண்டுமன்றோ? வி.சி.ஆரை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களோடு அதனை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் சோனி நிறுவனம் பீட்டாமாக்ஸ் நாடாக்களை விற்பதை முடித்துக்கொண்டது. இன்று உலகில் ஓடுகின்ற பொறிகள் யாவும் பழையவை. அவற்றின் ரப்பர் உருளைகள் இறுகிப்போகின்றன. காந்தத் தலைகள் தேய்கின்றன. பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் குறைந்துவருகின்றன. உதிரிப் பாகம் வேண்டுவோர் மற்றொரு பழைய பொறியைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இக்காரணம் பற்றியே ஆஸ்திரேலிய நாட்டின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015ஆம் ஆண்டில், 2025க்குள் படியெடுக்கப்படாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் இழந்தவையே ஆகும் என்று எச்சரித்தது. 2019இல் யுனெஸ்கோவும் அதே கவலையை உலகிற்கு எடுத்துரைத்தது. அவ்வாண்டு வந்துவிட்டது என்பதனால் எல்லாம் முடிந்தது என்று கருத வேண்டா. நல்ல பொறிகள் இன்னும் கிடைக்கின்றன. ஆயின் ஒவ்வோராண்டும் அவை அரியனவாகி வருகின்றன என்பது உறுதி.

பெரியோரும் இழந்தனர்

நாடாவைப் போற்றாமல் இழந்தவர்கள் எளிய குடும்பத்தார் மட்டும் அல்லர். மனிதன் முதன்முதல் நிலவில் அடி வைத்த 1969ஆம் ஆண்டு ஜூலைக் காட்சியை உலகமே கண்டது. அதன் மூலப் பதிவைத் தாங்கிய நாடாக்களைத் தேடிய அமெரிக்காவின் நாசா நிறுவனம், அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்கு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டில் அறிவித்தது. தொலைக்காட்சி நிலையங்களில் எஞ்சியிருந்த படிகளைக் கொண்டே அக்காட்சி சீரமைக்கப்பட்டது. இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனமும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்து, நாடாவை மறுபடியும் பயன்படுத்திற்று. அவற்றுட் சில, வெளிநாட்டு நிலையங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருந்த படிகள் வழியே பின்னாளில் மீண்டு வந்தன. மூலம் அழிந்தபின்னும் வேறோரிடத்தில் இருந்த படி காப்பாற்றிற்று என்பதை இங்கே கருத்திற்கொள்ள வேண்டும்.

காத்ததன் பயனையும் நாம் கண்டோம். 1987ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கி ஞாயிறு காலைகளில் நாடே கண்ட இராமாயணத் தொடரை, 2020ஆம் ஆண்டு மார்ச்சு 28 முதல், ஊரடங்கு நாளில், தூர்தர்ஷன் மீண்டும் ஒளிபரப்பிற்று. அன்று பார்த்த தாய்மார்கள் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தார்கள். பதிவு காக்கப்பட்டிருந்ததனாலன்றோ அது கைகூடிற்று?

முன்னோர் கண்ட நெறி

அழியும் பொருளின்மேல் எழுதி, அழியாமற் காப்பது தமிழர்க்குப் புதிய கலை அன்று. பனையோலை பூச்சிக்கும் ஈரத்திற்கும் இரையாவது. ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பார்த்து எழுதிவைப்பதை நம் முன்னோர் கடமையாகக் கொண்டனர். ஈராயிரம் ஆண்டுக்கு முன் பாடிய பாட்டு நம் கைக்கு வந்தது ஏடு நிலைத்ததனால் அன்று. கைகள் இடையறாது எழுதியதனால். எங்கே ஒரு தலைமுறை எழுதத் தவறிற்றோ, அங்கே பாட்டும் மறைந்தது.

1894ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிப் புறநானூற்றை அச்சேற்றினார்கள். நானூறு பாட்டு என்பது நூலின் பெயர். ஆயின் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவே இல்லை. எண் நிற்கிறது, பாட்டு இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் மறைந்துவிட்டன. யாரோ ஒருவர் ஒரு கோடையில் சோர்ந்திருந்தாரோ, அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம் என்று பரணில் வைத்தாரோ, நாம் அறியோம். நம் சங்கத்தின் அலமாரியிலும் "பொங்கல் விழா" என்று எழுதிய அட்டை நிற்க, உள்ளே படம் இல்லாத கேசட்டுகள் சேர்ந்துவிடலாகாது.

ஓலைக்கு இல்லாத ஒரு நன்மை நமக்கு உண்டு. ஏடு எழுதுவோர் கை சோர்ந்தால் எழுத்துப் பிழை புகும். நாடாவிலிருந்து நாடாவிற்குப் படியெடுத்தாலும் ஒவ்வொரு முறையும் படம் மங்கும். ஆயின் படமும் ஒலியும் எண்களாக மாறி டிஜிட்டல் கோப்பு ஆகிவிட்டால், நூறு முறை படியெடுத்தாலும் நூறாவது படி முதற்படியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும். எனவே நாடாவைக் கோப்பாக மாற்றும் அந்த ஒரு முறையைச் செவ்வனே செய்துவிட வேண்டும்.

செய்யும் முறை

முதலாவது, தேடித் தொகுத்தல். வீட்டிலுள்ள நாடாக்களையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, அட்டையில் உள்ளதை ஒரு நோட்டில் எழுதுக. கேசட்டின் முதுகுப்புறத்து மூலையில் உள்ள சிறு பிளாஸ்டிக் இதழை ஒடித்துவிடுக. பிறகு அதன்மேல் தவறியும் வேறு பதிவு ஏறாது. கேசட்டுகளைப் படுக்க வைக்காமல் நூல்களைப் போல் நிறுத்தி வைக்க வேண்டும். கூலரின் ஈரக் காற்றும் ஒலிபெருக்கியின் காந்தமும் அணுகாத உலர்ந்த அலமாரியே தக்க இடம்.

இரண்டாவது, வரிசைப்படுத்தல். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற இயலாது. கடையிற் கிடைத்த திரைப்பட நாடாக்கள் காத்திருக்கலாம். வேறெங்கும் படி இல்லாதவையும், மறைந்தவர்களின் குரல் உள்ளவையும், மிகப் பழையவையும் முன்னே வர வேண்டும். தொலைக்காட்சியிலிருந்து வீட்டிற் பதிவு செய்தவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுக. நம் பிள்ளைகள் பங்குகொண்ட நிகழ்ச்சி ஏதேனும் அங்கே ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது, பொறியைச் சோதித்தல். பத்தாண்டு ஓடாத பொறியில் அருமையான நாடாவை நேரே இடலாகாது. பொறியைத் துப்புரவு செய்து, வேண்டாத நாடா ஒன்றை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பூஞ்சை கண்ட நாடாவை எக்காரணம் பற்றியும் வீட்டுப் பொறியில் இடாதீர்கள். அப்பூஞ்சை பொறிக்கும், பின்னர் வரும் நாடாக்களுக்கும் தொற்றும்; மூச்சிற்கும் கேடு. அதனை உறையிலிட்டுத் தனியே வைத்து, துறை வல்லாரிடம் ஒப்படைப்பதே முறை. நல்ல நாடாவையும் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றியபின் படியெடுத்தல் நலம்.

நான்காவது, படியெடுத்தல். நம் நாட்டு நாடாக்கள் பால் என்னும் முறையில், 625 வரிகளும் விநாடிக்கு 25 படங்களுமாக அமைந்தவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பியவை என்.டி.எஸ்.சி. என்னும் வேறு முறையில், 525 வரிகளும் விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்களுமாக இருக்கும். இரண்டையும் படிக்கவல்ல பொறி வேண்டும். ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே செலுத்தும் எஸ்-வீடியோ இணைப்பு உள்ள பொறி கிடைத்தால் படம் தெளிவாகும். பழைய நாடாவில் வரிகள் நடுங்கும். அந்நடுக்கத்தை நேர்செய்யும் டைம் பேஸ் கரெக்டர் என்னும் கருவியை இடையே இணைப்பது சிறந்தது. மலிவான சிறு கருவிகள் சில, இடையிடையே படங்களைத் தவறவிடும். அரைமணி கழிந்தபின் உதட்டசைவு ஒருபுறமும் குரல் ஒருபுறமுமாகப் பிரியும். டி.வி. வகைச் சிறு நாடாக்களில் உள்ளவை முன்னரே எண்களாக இருப்பவை. அவற்றை ஃபயர்வயர் என்னும் இணைப்பின் வழியே உள்ளது உள்ளபடி கணிப்பொறிக்கு இறக்கிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கோப்பின் வகை. ஒரு மணி நேரப் படத்தைச் சிறிதும் சுருக்காமல் வைத்தால் 90 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். ஒன்றையும் இழக்காமலே சுருக்கும் எஃப்.எஃப்.வி.1 என்னும் முறையில் அது ஏறத்தாழப் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ அடங்கும். இம்முறையின் விதிகள் 2021இல் யாவரும் காண வெளியிடப்பட்ட பொதுத் தரமாகும். ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருப்பதன்று. காப்பகங்கள் அதனை விரும்புவதற்கு அதுவே காரணம். அதனை மூலப்படியாக வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கும் உறவினர்க்கு அனுப்புவதற்கும் எச்.264 முறையில் ஒன்றிரண்டு ஜிகாபைட் அளவிலான சிறு படி ஒன்றைத் தனியே எடுக்கலாம். மூலப்படியிற் படத்தை வெட்டுவதோ, நிறம் மாற்றுவதோ, அழகு செய்வதோ கூடாது. ஒப்பனையெல்லாம் சிறு படிக்கே உரியது.

ஆறாவது, மூன்று படிகள். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படி. அவை இரண்டு வேறு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்பது காப்போர் கைக்கொள்ளும் விதி. இவ்விதி நமக்கு எளிது. தில்லியில் ஒன்று, சென்னையிலோ கோவையிலோ உள்ள தம்பி வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என வைத்தால் தீயும் திருட்டும் வெள்ளமும் மூன்றையும் ஒருங்கே தொடா. ஒவ்வொரு கோப்பிற்கும் கணிப்பொறி கணக்கிட்டுத் தரும் சரிபார்ப்பு எண்ணையும் குறித்து வைக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். ஏடு ஒப்புநோக்கும் பணியைப் பொறியே செய்கிறது என்று கொள்க.

ஏழாவது, மறவாமை. ஹார்டு டிஸ்க்கும் சாவது. ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து பார்த்து, ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை புதிய சாதனத்திற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்டுதோறும் சரஸ்வதி பூசையன்று ஏடுகளை எடுத்துத் துடைத்து வைப்பதுபோல, அந்நாளையே இதற்கும் உரிய நாளாக வைத்துக்கொள்ளலாம்.

சில ஐயங்கள்

"முன்பே டி.வி.டி.யாக மாற்றிவிட்டோமே" என்பர் சிலர். நன்று, ஆயின் அதிற் படம் பெரிதும் சுருக்கப்பட்டிருக்கும். வீட்டிலும் கடையிலும் எழுதிய டி.வி.டி.யின் சாயப்பூச்சு தானே மங்கும் இயல்பினது. நாடா இன்னும் ஓடுமாயின் நாடாவிலிருந்தே மறுபடி எடுப்பது மேல். நாடா போயிற்றெனில் அந்த டி.வி.டி.யையேனும் இன்றே கோப்பாக இறக்குக.

"இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா?" என்பர் இளைஞர். காட்டுவதற்கு அது நல்ல இடம். காப்பதற்கு அதனை மட்டும் நம்பலாகாது. அங்கே படம் மீண்டும் சுருக்கப்படும். கணக்கு மூடினால் படமும் போகும். மேலும் திருமண வீட்டில் அழுதவர்களும் சிரித்தவர்களும் ஊரறியக் காட்டப்படுவதற்கு இசைந்தவர் அல்லர். குடும்பத்தாரின் ஒப்புதல் இன்றி எதனையும் பொதுவில் வைத்தல் தகாது.

"மாற்றியபின் நாடாவை எறிந்துவிடலாமா?" என்பது மூன்றாவது ஐயம். எறிய வேண்டா. நாளை இதனினும் நன்றாகப் படிக்கும் முறை வரலாம். இடமுள்ளவரை மூலத்தைக் காத்தல் நன்று. குவார்ட்டர்ஸ் காலி செய்யும் பரபரப்பில் கபாடிவாலாவின் தராசில் முதலில் ஏறுபவை இந்நாடாக்களே. அவனுக்கு அவை பிளாஸ்டிக் எடை, நமக்கு அவ்வாறன்று.

பெயர் எழுதுங்கள்

பொறியாற் செய்ய இயலாத பணி ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒரு நாடாவை நேர்த்தியாக மாற்றிவிட்டோம் என்று கொள்வோம். பந்தியில் முதலில் அமர்ந்திருக்கும் அப்பெரியவர் யார்? நலங்குப் பாட்டுப் பாடும் அம்மாளின் ஊர் எது? மேடையில் கட்டபொம்மன் வேடமிட்ட சிறுவன் இன்று எங்கே இருக்கிறான்? இதனை அறிந்தவர்கள் சிலரே. அவர்களும் முதுமை எய்திவிட்டார்கள். பெயர் அறியா முகங்கள் நிறைந்த படம், ஆசிரியர் பெயர் தொலைந்த பாட்டைப் போன்றது.

ஆதலின் மாற்றிய படத்தை வீட்டுப் பெரியவர்முன் ஓட்டுங்கள். அருகில் பேரனோ பேத்தியோ நோட்டும் பேனாவுமாக அமரட்டும். எத்தனையாவது நிமிடத்தில் யார், என்ன உறவு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதட்டும். ஆண்டு, நிகழ்ச்சி, நாடா எண் என்னும் வரிசையிற் கோப்புக்குப் பெயரிடட்டும். அந்த நோட்டையும் படம் பிடித்துக் கோப்போடு சேர்த்து வைக்கட்டும். நாடா அழியும் விரைவைவிட நினைவு அழியும் விரைவு மிகுதி. இவ்வேலைக்குப் பொறி வேண்டா, பொருள் வேண்டா, இன்று மாலையே தொடங்கலாம். அவ்வாறு அமர்ந்து எழுதும் பிள்ளை, உறவுப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே எழுதக் கற்றுக்கொள்ளும்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

குடும்பத்திற்குக் குடும்பம் தனித்தனியே பொறி தேடுவது அரிது. சங்கம் முன்வந்தால் எளிது. நல்ல நிலையிலுள்ள வி.எச்.எஸ். பொறி ஒன்றும், உதிரிப் பாகத்திற்காக மற்றொன்றும் தேடி வாங்கலாம். கணிப்பொறி அறிந்த நம் இளைஞர் நால்வர் ஒரு குழுவாக அமையலாம். சங்க விழா நாடாக்கள் நாற்பது இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரமெனில் மொத்தம் 80 மணி நேரம். நாடாவை விரைந்து ஓட்டிப் படியெடுக்க இயலாது. ஒரு மணி நேரப் படத்திற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் ஒதுக்கினால் இருபது ஞாயிறுகளில் பணி முற்றும். மணிக்கு 40 ஜிகாபைட் எனக் கணக்கிட்டாலும் 3200 ஜிகாபைட். ஒரு 4 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் அத்தனையும் அடங்கும். அத்தகைய டிஸ்க்குகள் இரண்டு, இணையச் சேமிப்பு ஒன்று: இதுவே முழுச் செலவு. ஆண்டு விழாவின் மேடை அலங்காரம் ஓர் இரவில் வாடிவிடும். இச்செலவோ நம் பேரர்களுக்கு எஞ்சும்.

தனித்துக் குடும்பத்தை நடத்தும் மூதாட்டிகளும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தாமே வாழும் பெரியோர்களும் நம் காலனியில் உள்ளனர். அவர்கள் வீட்டு நாடாக்களை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட விண்ணப்பம். அவர்களால் பொறி தேடி அலைய இயலாது; அவர்களிடம் இருப்பனவோ நம் எல்லோர்க்கும் பொதுவான நினைவுகள்.

அன்பர்களே! தில்லியில் தமிழர் கட்டிய கோயில்கள் நிற்கின்றன. தமிழர் நடத்தும் பள்ளிகள் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்களின் முகமும் குரலும் நடையும் காந்தத் துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மழைக்காலம் வருமுன் ஒவ்வொரு வீடும் தன் பரணை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். நாடாக்களுக்கு எண்ணிட்ட பட்டியல் ஒன்று வரும் பொங்கலுக்குள் சங்கத்திற்கு வந்து சேரட்டும். ஏட்டை எழுதிக் காத்த மரபிற் பிறந்த நாம், இக்காலத்து ஏட்டையும் எழுதிக் காப்போமாக.